பழைய ஸ்டீல் பிரேமில் கலப்புப் பாகங்களோடு ரேஸ் சைக்கிள் கட்டுதல்: புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலப்புப் பாகங்கள் என்றால் என்ன? ஒரே நிறுவனத்தின் பாகங்களையே வைத்துக் கட்டக் கூடாதா?

கட்டலாம். பெட்டியில் வந்த நாளில் இருந்தபடியே ஒரு பியூஜோ அல்லது ராலே சைக்கிளை மீட்டெடுப்பது மதிப்புக்குரிய வேலைதான். ஆனால் அதற்கு வேண்டிய சிம்ப்ளெக்ஸ் கியர் பாகமும் மாஃபாக் பிரேக்கும் நம் ஊரில் கேட்டவுடன் கிடைப்பவை அல்ல. அவற்றுக்காகக் காத்திருக்கும் காலத்தில் பிரேம் மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். பிரெஞ்சு பிரேமில் ஜப்பானியக் கிராங்க் (பெடல் பூட்டும் கை), தைவான் ரிம், உள்ளூரில் வாங்கிய செயின், லூதியானாவில் செய்த கேபிள் என்று சேர்த்துக் கட்டியதைத்தான் கலப்பு என்கிறோம். இதில் குறைவுபட ஒன்றும் இல்லை. அந்தக் காலத்திலேயே பெரும்பாலான நிறுவனங்கள் பிரேமை மட்டும் தாங்கள் செய்து, மற்ற பாகங்களைப் பல தொழிற்சாலைகளிலிருந்து வாங்கிப் பூட்டித்தான் விற்றன. இரண்டு பாகங்கள் சேருமா என்பதை அவற்றின் அளவுகள் முடிவு செய்கின்றன. மேலே ஒட்டியிருக்கும் பெயருக்கு அதில் பங்கில்லை. ஆகவே எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் ஒரு வெர்னியர் காலிப்பரையும் ஒரு மரை அளவியையும் வாங்கிவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

இந்தப் பகுதியில் இத்தகைய பிரேம்கள் எங்கே கிடைக்கும்?

புதுச்சேரிக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. பிரெஞ்சு ராணுவத்திலும் அரசுப் பணியிலும் இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களின் குடும்பங்கள் இங்கே ஏராளம். ராணுவத்தில் இருந்தவர்களை ஊரில் இன்றும் சொல்தா என்றே அழைப்பார்கள். அவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பியூஜோவோ, மோட்டோபெக்கானோ, ஜித்தானோ சாத்தி வைக்கப்பட்டிருப்பது அரிதல்ல. ஆரோவில்லில் தங்கி ஊர் திரும்பும் வெளிநாட்டவர்கள் விட்டுச் செல்லும் சைக்கிள்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் கூடும் சந்தையில் முழு சைக்கிளைவிடப் பிரித்த பாகங்கள்தான் கண்ணில் படும். கடலூரில் நான் காயலான் கடைகளைத்தான் பார்ப்பேன். எடைக்குப் போடப்பட்ட குவியலில் வளைந்த ஹேண்டில்பார் ஒன்று தெரிந்தால், அதன் பிரேமும் அங்கேயே எங்கோ கிடக்க வாய்ப்புண்டு. ஆனால் திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்று தோன்றினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

வாங்கும் முன் பிரேமில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வளைவு. முன்புறம் மோதிய பிரேமில், ஃபோர்க் தண்டு நுழையும் ஹெட் குழாய்க்குச் சற்றுப் பின்னால் மேல் குழாயின் அடிப்புறத்திலும் கீழ்க் குழாயின் அடிப்புறத்திலும் பெயிண்ட் சுருங்கி ஒரு சிறு புடைப்பு இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் மெதுவாகத் தடவினால் தெரிந்துவிடும். ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: அதன் மேல்பகுதி ஹெட் குழாயின் நேர்கோட்டிலேயே தொடர வேண்டும், பின்னோக்கித் தள்ளப்பட்டிருக்கக் கூடாது.

அடுத்து துரு. நம் ஊரில் வெளித்துருவைவிட உள்துருதான் ஆளைக் கவிழ்க்கும். சீட் பில்லரைக் கழற்றிக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கிராங்க் அச்சு சுழலும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) கூட்டின் அடிப்பகுதியிலும், பின் சக்கர அச்சு உட்காரும் டிராப் அவுட்டுக்கு அருகில் குழாய் முடியும் இடத்திலும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், அரித்த குழாய் மந்தமாக ஒலிக்கும். பிரேமைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கும்போது துருத்தூள் கைப்பிடி அளவு கொட்டினால் அந்தப் பிரேமை விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவதாக, சீட் பில்லரும், ஹேண்டில்பாரைத் தாங்கி ஃபோர்க் தண்டுக்குள் இறங்கும் ஸ்டெம்மும் அசைகின்றனவா என்று விற்பவர் முன்னிலையிலேயே திருகிப் பாருங்கள். இவை சிக்கியிருந்தால் பிரேமின் விலையில் பாதியைக் குறைத்துக் கேட்பது நியாயம்.

குழாயில் 531 என்று ஒட்டியிருக்கிறது. அதற்குப் பொருள் என்ன?

ரெனால்ட்ஸ் 531 என்பது இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் வெளியிட்ட மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாய். அதன் இரு முனைகளிலும் சுவர் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பதால் பிரேம் எடை குறைகிறது. இத்தாலியின் கொலம்பஸ், பிரான்சின் வித்துஸ், ஜப்பானின் தாங்கே ஆகியவையும் இதே வகையில் மதிக்கப்படும் பெயர்கள். ஸ்டிக்கர் எளிதில் கிடைக்கும் பொருள் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சீட் பில்லரின் விட்டத்தைப் பாருங்கள். மெல்லிய சுவருடைய ஆங்கிலேயப் பிரேம்களில் அது 27.2 மி.மீ. இருக்கும், பிரெஞ்சு 531 பிரேம்களில் பெரும்பாலும் 26.4 மி.மீ. இருக்கும். சாதாரணக் கார்பன் எஃகுப் பிரேம் என்றாலும் தயங்க வேண்டாம். கடற்கரைச் சாலையில் காலையில் ஓட்டவும் கடலூர் வரை போய்வரவும் அது தாராளமாகப் போதும். கூடுதல் எடையை நம் தட்டையான சாலைகள் பெரிதாக உணர விடுவதில்லை.

பிரெஞ்சு சைக்கிளில் எதுவுமே சேராது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. புதுச்சேரியில் இந்தக் கேள்விதான் அதிகம் வருவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியச் சைக்கிள் தொழில் ஆங்கிலேய அளவுகளைப் பின்பற்றி வளர்ந்தது. பிரான்ஸ் மெட்ரிக் அளவுகளில் தன் வழியே போனது. 1970-களின் பிற்பகுதியிலிருந்துதான் பிரெஞ்சு நிறுவனங்கள் படிப்படியாக மற்ற நாடுகளின் அளவுக்கு மாறின. அதற்கு முந்தைய சைக்கிள் என்றால் கீழ்க்கண்ட ஒவ்வொரு இடத்தையும் அளந்தே ஆக வேண்டும்.

பி.பி. கப்பின் மரை ஆங்கிலேய முறையில் 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. வலப்பக்கக் கப் இடமரை கொண்டது. பிரெஞ்சு முறையில் 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி, இரு பக்கமும் வலமரை. 1.37 அங்குலம் என்பது ஏறக்குறைய 34.8 மி.மீ. ஆகும். இந்த நெருக்கம்தான் ஆபத்து. ஆங்கிலேயக் கப்பை பிரெஞ்சுக் கூட்டில் வைத்துத் திருகினால் முதல் சில சுற்றுகள் இறங்கிவிடும்; பிறகு இறுகும்; நாம் துரு என்று நினைத்து நீண்ட ஸ்பேனரை எடுப்போம்; மரை அழிந்துவிடும். என் முதல் பிரேமில் நான் செய்ய இருந்தது இதையேதான். இரண்டு சுற்று இறங்கிய கப்போடு நெல்லித்தோப்பில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், நீண்ட கம்பி கொடுங்கள் என்று கேட்டபோது, அங்கிருந்த பெரியவர் கப்பைக் கழற்றி மரை அளவியை வைத்துப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இது வேற ஊரு மரை, விட்டுடு’ என்றார். அந்த ஒரு சொல்லால் பிரேம் பிழைத்தது. அன்று மாலையே நான் மரை அளவி வாங்கினேன்.

பிரெஞ்சுக் கூட்டில் பழைய கப்புகள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே துடைத்து, புதிய பால்ரஸ் போட்டு மீண்டும் பயன்படுத்துவதே சிறந்த வழி. கப்பின் உட்புறத்தில் குழி விழுந்திருந்தால், மரையையே நம்பாமல் உள்ளே விரிந்து பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வகை பி.பி. கிடைக்கிறது; விலை சற்றுக் கூடுதலானாலும் பிரேமுக்கு ஒரு சேதமும் இல்லை. மரை முழுதும் அழிந்த கூட்டை இத்தாலிய அளவான 36 மி.மீ.க்குக் கடைந்து புது மரை வெட்டுவதும் உண்டு. அதற்குரிய கருவி இல்லாத பட்டறையில் அதைச் செய்யச் சொல்லாதீர்கள். இன்னொன்று: பிரெஞ்சு முறையில் வலப்பக்கக் கப்பும் வலமரை என்பதால், மிதிக்க மிதிக்க அது தானாகக் கழலும் இயல்புடையது. அதை மிக இறுக்கமாகப் பூட்டி, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபோர்க் தண்டின் உள்விட்டம் பிரெஞ்சு முறையில் 22.0 மி.மீ., மற்றவற்றில் 22.2 மி.மீ. இதற்கு எளிய தீர்வு உண்டு: அலுமினிய ஸ்டெம்மின் உள்ளே இறங்கும் பகுதியை எமரித்தாளால் சுற்றிலும் சீராகத் தேய்த்து 0.2 மி.மீ. குறைத்தால் போதும். ஃபோர்க் திரும்பச் சுழலும் பேரிங் தொகுதியான ஹெட் செட்டின் மரை பிரெஞ்சில் 25 மி.மீ. × 1 மி.மீ., ஆங்கிலேய முறையில் 1 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. இங்கே தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை, பழையதைக் காப்பாற்றுங்கள். பெடல் மரை பிரெஞ்சில் 14 × 1.25 மி.மீ.; மற்றவற்றில் 9/16 அங்குலம். 9/16 அங்குலம் என்பது சற்றுப் பெரியது என்பதால், பழைய அலுமினியக் கிராங்கில் அதற்குரிய மரை வெட்டும் டேப்பைக் கவனமாக இறக்கி மரையை மாற்றிவிடலாம். ஃப்ரீவீல் மரையும் இதே கதைதான்: பிரெஞ்சு ஹப்பில் 34.7 × 1 மி.மீ.; இந்தியக் கடையில் கிடைப்பது 1.37 அங்குலம். வலிந்து ஏற்றினால் ஹப் போய்விடும்.

கிராங்கைக் கழற்றும் புல்லரும் ஒன்றுபோல் இருக்காது. இன்று கடையில் கிடைப்பது 22 மி.மீ.; பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்குக்கு 23.35 மி.மீ., டி.ஏ. கிராங்குக்கு 23 மி.மீ. வேண்டும். தவறான புல்லரைப் போட்டுக் கிராங்கின் மரையைப் பிய்த்தவர்கள் பலர்.

சீட் பில்லர் சிக்கிக்கொண்டது. எப்படி எடுப்பது?

எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் பில்லர் கிரீஸ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்றால், வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து இரண்டு உலோகங்களுக்கும் இடையே வெண்மையான உப்புப் படலத்தை வளர்த்துவிடும். அது இடம் அடைத்து இறுகுவதால் வெறும் பலத்தால் வராது. சீட் போல்ட்டை முழுதும் எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்தும், பிரேமைக் கவிழ்த்து பி.பி. கூட்டின் வழியாகவும் விட்டு, நாள்தோறும் கொஞ்சம் விட்டபடி ஒரு வாரம் பொறுத்திருங்கள். பிறகு பில்லரின் தலையை உறுதியான பெஞ்ச் வைஸில் கடித்துப் பிடித்து, பிரேமையே நீண்ட பிடியாகக் கொண்டு இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். ‘கிரீச்’ என்ற முதல் சத்தம் கேட்டதும் அவசரப்படாமல் மீண்டும் எண்ணெய் விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பில்லரின் தலையை அறுத்துவிட்டு, உள்ளே ஹேக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டி, சுருட்டி எடுப்பதே கடைசி வழி. பிளேடு குழாயின் சுவரைத் தொடக் கூடாது. காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தைக் கரைப்பவர்களும் உண்டு. கண்ணுக்கும் கைக்கும் பேராபத்து என்பதால் வீட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

27 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 700சி போடலாமா? கடையில் 28 அங்குல டயர் தருகிறார்களே?

டயரின் பெயரை நம்பாமல் ரிம்மில் டயர் உட்காரும் விட்டத்தை மட்டும் பாருங்கள். 700சி என்பது 622 மி.மீ. பழைய 27 அங்குலம் என்பது 630 மி.மீ. நம் ஊரில் பால்காரர் ஓட்டும் கருப்பு சைக்கிளின் 28 × 1½ டயர் 635 மி.மீ. ஐரோப்பாவில் சிலர் 622-ஐயும் 28 அங்குலம் என்றே குறிப்பதால் குழப்பம் கூடுகிறது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறாது; 635 டயரை 622 ரிம்மில் போட்டுக் காற்று அடித்தால் விளிம்பு வெளியேறி ட்யூப் வெடிக்கும்.

27 அங்குலத்துக்கு நல்ல டயர் கிடைப்பது கடினமாகிவிட்டதால் 700சி-க்கு மாறுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ரிம் விட்டத்தில் 8 மி.மீ. குறைவதால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்கியாக வேண்டும். பழைய பிரேக்கில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். மாஃபாக் போன்ற நடு இழுப்பு பிரேக்குகளில் பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் 47 முதல் 57 மி.மீ. எட்டும் நீண்ட கை காலிப்பர் பிரேக் வாங்க வேண்டும். சக்கரம் சிறுத்ததில் இன்னொரு நன்மை, 28 அல்லது 32 மி.மீ. அகல டயருக்கு இடம் கிடைப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு 25 போதும் என்பார்கள். அதை விட்டு இறங்கி ஆரோவில் செம்மண் பாதையிலோ கடலூர் முதுநகர்ச் சந்துகளிலோ ஓட்டுபவருக்கு 28-க்குக் குறைந்தது சரிவராது.

மலிவான பழைய ஃபோர்க்குகளில் அச்சு உட்காரும் பிளவு ஒடுங்கியிருக்கும். இன்றைய 9 மி.மீ. முன் அச்சு நுழையாது. இரு பக்கத்தையும் தட்டை அரத்தால் சம அளவில் ராவலாம். ஆழத்தை மட்டும் கூட்டிவிடாதீர்கள், சக்கரம் கோணலாக உட்காரும்.

பின் சக்கரம் பிரேமுக்குள் நுழையவில்லை. வளைக்கலாமா?

எஃகுப் பிரேமின் பெரிய வரம் இதுதான்: அளவோடு வளைக்கலாம். அலுமினியப் பிரேமையோ கார்பன் பிரேமையோ இப்படிச் செய்யவே கூடாது. ஐந்து பல்சக்கரக் காலத்தில் பின் டிராப் அவுட்டுகளின் இடைவெளி 120 மி.மீ., ஆறு ஏழு வந்தபோது 126, எட்டிலிருந்து 130. 126 உள்ள பிரேமில் 130 ஹப்பைக் கையால் விரித்தே நுழைத்துவிடலாம், பக்கத்துக்கு 2 மி.மீ.தான். 120-ஐ 130 ஆக்குவதென்றால் நிலையாக வளைக்க வேண்டும். ஒரு பக்கமே முழுதும் வளைந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே 5 மி.மீ. நகர்த்துங்கள். ஹெட் குழாயைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி இரு முனைகளையும் டிராப் அவுட்டுகளுக்கு இழுத்து, நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள தூரம் இருபுறமும் ஒன்றாக வருகிறதா என்று அளந்தபடியே போக வேண்டும். பின் பிரேக் பொருத்தும் குறுக்குப் பாலத்தின் பற்றுவாய் விரிசல் விடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வளைத்த பிறகு இரண்டு டிராப் அவுட்டுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி திருத்தாவிட்டால் அச்சு நாளடைவில் முறியும். இந்த வேலைக்கு நெருப்பு வேண்டாம். சூடாக்கினால் குழாய் பலமிழக்கும்.

கியர் பாகங்களை எவ்வளவு கலக்கலாம்?

தாராளமாக. ஒரே நிபந்தனை, கியர் லீவர் உராய்வு வகையாக இருக்க வேண்டும். கிளிக் என்று எண்ணி நிற்கும் லீவருக்கு அதன் குடும்பத்து டிரெயிலியரும் (செயினைப் பல்சக்கரம் மாற்றி நகர்த்தும் பாகம்) பல்சக்கரமும் தேவை. ஏழு பல்சக்கரத் தொகுதியில் இடைவெளி 5.0 மி.மீ., எட்டில் 4.8, ஒன்பதில் 4.35 என்று மாறிக்கொண்டே போகும். உராய்வு லீவருக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை, செயின் எங்கே நிற்க வேண்டும் என்பதை உங்கள் விரலும் காதும் தீர்மானிக்கும். இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். கிளிக் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், சிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது வேக டிரெயிலியர்கள் தங்களுக்குள் பெரும்பாலும் மாற்றிப் போடத்தக்கவை என்பதை நினைவில் கொள்ளலாம். லீவரும் பல்சக்கரமும் மட்டும் எண்ணிக்கையில் ஒத்துப்போனால் போதும். அக்காலத்து டியூரா-ஏஸ் மட்டும் இதற்கு விலக்கு.

பழைய சிம்ப்ளெக்ஸ் டிரெயிலியர்களில் சில, டெல்ரின் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஐம்பது வருட வெயிலுக்குப் பிறகு அவை விரிசல் விடுவது இயல்பு, வேறொன்றுக்கு மாறிவிடுங்கள். அப்போது ஒரு தடை வரும்: சிம்ப்ளெக்ஸ் டிராப் அவுட்டில் டிரெயிலியர் துளைக்கு மரையே இருக்காது. அதை 10 × 1 மி.மீ. மரையாக வெட்டி, நிறுத்தும் குமிழை அரத்தால் திருத்தினால் சிமானோ பொருந்தும்.

டிரெயிலியரால் எவ்வளவு செயினை இழுத்துக்கொள்ள முடியும் என்பதையும் கணக்கிடுங்கள். முன்னால் 52, 42 பற்களும் பின்னால் 14 முதல் 28 பற்களும் இருந்தால், பத்தும் பதினான்கும் கூட்டி 24 பற்கள் தேவை. நமக்கு மலை கிடையாது. செஞ்சி வரை போனாலும் சாலை பெரிதாக ஏறுவதில்லை. நம்முடைய மலை மதியத்துக்கு மேல் எதிரே வீசும் கடற்காற்றுதான். அதற்கு 42-க்கு 21 என்ற கியர் போதும்; ஒரு மிதிப்புக்கு ஏறக்குறைய 4.2 மீட்டர் போகும்.

ஐந்து முதல் எட்டு வரையான பல்சக்கரங்களுக்கு எட்டு வேகச் செயின் ஒன்றே போதும். கருப்பு சைக்கிளின் ⅛ அங்குலச் செயின் இதற்கு ஆகாது.

பிரேக்கில் எதைக் கலக்கக் கூடாது?

வி-பிரேக்குக்கான லீவரைக் காலிப்பர் பிரேக்குக்குப் போடக் கூடாது. அது ஏறக்குறைய இருமடங்கு கேபிளை இழுக்கும், அதற்கேற்ப விசை குறையும், நிற்காது. கியர் கேபிளின் உறையைப் பிரேக்குக்குப் போடக் கூடாது. அதன் உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடுவதால் அவசரத்தில் அழுத்தும்போது வெடித்துப் பிரியலாம். பழைய ரப்பர்க் கட்டைகள் கல்லாகிவிட்டிருக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கி எறியுங்கள். குரோம் பூசிய எஃகு ரிம்மை ஐப்பசி கார்த்திகை மழையில் நம்பவே கூடாது: நனைந்தால் பிரேக் பிடித்த இடத்துக்கும் சைக்கிள் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பேருந்து நீளம் போகும். கலப்புச் சைக்கிளில் நான் கைக்காசு பார்க்காமல் புதிதாக வாங்கச் சொல்வது பிரேக் கட்டை, கேபிள், அலுமினிய ரிம் ஆகிய மூன்றை மட்டுமே.

பொருத்தும்போது இன்னொரு தடங்கல் உண்டு. பழைய பிரேமில் பிரேக் போல்ட் நீளமாக வெளியே வந்து நட்டு ஏறும். புதிய பிரேக்கின் போல்ட் குட்டையானது, குழிக்குள் இறங்கும் நட்டு கொண்டது. ஃபோர்க் தலையின் பின்பக்கத் துளையை மட்டும் 8 மி.மீ.க்குப் பெரிதாக்கினால் அந்த நட்டு இறங்கும். முன்பக்கத் துளையைத் தொடாதீர்கள்.

காட்டர் பின் கிராங்கை மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின்னைப் பற்றி நம் ஊர்க் கடைக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு வெளிநாட்டில் இன்று யாருக்கும் தெரியாது. அது நமக்கு வாய்த்த பலம். பின்னின் விட்டத்தை அளந்து, சாய்ந்த முகத்தை அரத்தால் சமமாக ராவி, இரு கிராங்குகளிலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அடிக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் அடிக்கும்போது கிராங்கின் அடியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தால்தான் பால்ரஸ் அடி வாங்காமல் தப்பும்.

எடை குறைந்த அலுமினியக் கிராங்குக்கு மாறுபவர், சதுர முனை அச்சிலும் இரண்டு வகை உண்டு என்பதை அறிய வேண்டும்: ஜப்பானிய ஜே.ஐ.எஸ்., ஐரோப்பிய ஐ.எஸ்.ஓ. இரண்டின் சாய்வும் ஒன்றே. முனையின் தடிமன்தான் வேறு. மாற்றிப் போட்டால் கிராங்க் ஏறக்குறைய 4.5 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ போய் உட்காரும். பிரேமின் நடுவிலிருந்து இரண்டு செயின் வீல்களின் மையம் வரை 43.5 மி.மீ. வருமாறு அச்சின் நீளத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளூர்க் கடையில் எவை கிடைக்கும்?

பால்ரஸ், கிரீஸ், கேபிள், ட்யூப், ஸ்போக்ஸ். பி.பி.க்கும் பின் ஹப்புக்கும் ¼ அங்குலக் குண்டு, முன் ஹப்புக்குப் பெரும்பாலும் 3/16. சைக்கிள் கடையைவிடப் பேரிங் கடையில் தரம் நன்றாக இருக்கும். பி.பி.யில் பக்கத்துக்குப் பதினொன்று, பின் ஹப்பில் ஒன்பது, முன் ஹப்பில் பத்து. இவை எல்லாவற்றையும்விட அரிய பொருள் ஒன்றும் உள்ளூரில் உண்டு: கோட்டம் எடுக்கத் தெரிந்த கை. ஹப்பையும் ரிம்மையும் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் சக்கரம் கோத்துத் தரும் முதியவர்கள் திருப்பாதிரிப்புலியூரிலும் முத்தியால்பேட்டையிலும் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

கடற்கரை ஊரில் துருவை எப்படித் தடுப்பது?

மரை உள்ள எந்த இடமும் கிரீஸ் இல்லாமல் சேரக் கூடாது. சீட் பில்லரும் ஸ்டெம்மும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வந்து புது கிரீஸோடு உள்ளே போக வேண்டும். கட்டத் தொடங்கும் முன் வெறும் பிரேமின் குழாய்களுக்குள் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை விட்டு, எல்லாப் பக்கமும் ஓடும்படி திருப்பி, இரண்டு நாள் வடியவிட்டால் உள்ளே ஒரு படலம் உலர்ந்து நிற்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. பி.பி. கூட்டின் அடியில் நீர் வடியும் துளை இல்லையென்றால் சிறியதாக ஒன்று போடுவது நல்லது.

வெள்ளத்தில் நனைந்த சைக்கிளைத் துடைத்து வெயிலில் வைத்தால் போதாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் தேங்கிய நீர் என் சைக்கிளின் ஹப் வரை ஏறி நின்றது. மின்சாரம் வந்த பின் நான் செய்த முதல் வேலை இரண்டு ஹப்பையும் பி.பி.யையும் பிரித்ததுதான்; கிரீஸ் பால்போல வெளுத்திருந்தது. ஒரு வாரம் விட்டிருந்தால் ஹப்பில் பால்ரஸ் உருளும் கோன்களை இழந்திருப்பேன்.

பெயிண்ட் அடிப்பதா, பழையதையே விடுவதா?

பழைய பெயிண்ட் பாதிக்கு மேல் நிற்குமானால் விட்டுவிடுங்கள். துருப்பிடித்த இடங்களை மட்டும் சுரண்டி, பிரைமர் வைத்து, நெருங்கிய நிறத்தைத் தொட்டு வைத்தால் போதும். முழுதும் உரிப்பதென்றால் பவுடர் கோட்டிங் உறுதியானது. கொடுக்கும் முன் மரை உள்ள எல்லா வாய்களையும் அடைக்கச் சொல்லுங்கள். மணல் வீசித் துருவெடுக்கும் பட்டறைகள் கனமான கேட்டுகளுக்குப் பழகியவை. மெல்லிய குழாய் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் உடனே நீண்ட தூரம் போகலாமா?

முதல் நாள் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போதும். முன் பிரேக்கை முழு பலத்தோடு பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டி, ஹெட் செட்டில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கிராங்க் போல்ட்டுகள் முதல் ஓட்டத்துக்குப் பிறகு சற்றுத் தளரும். 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். தளர்வாக ஓட்டினால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை உருக்குலைந்துவிடும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. புது ஸ்போக்குகளும் முதல் வாரத்தில் தங்கள் இடத்தில் அமர்வதால் சக்கரத்தை மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு விடியலில், காற்று எழும்பும் முன் புறப்பட்டுத் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டித் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய்வாருங்கள். பையில் 15 மி.மீ. ஸ்பேனர், ஆலன் சாவிகள், ஒரு ட்யூப், பம்ப். கடலூரில் டீ குடிக்க நிறுத்தும்போது கிராங்க் போல்ட்டை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.